ஜப்பானிய அசைபடமான அனிமே, சித்திரக்கதையான மங்கா ஆகியவற்றின் பாத்திரங்களுக்குக் கண்கள் ஏன் இவ்வளவு பெரிதாக மின்னுகின்றன?

ஜப்பானியர்கள் மேற்கத்தியர்போல் தெரிய ஆசைப்பட்டு அப்படி வரைகிறார்கள் என்று பலர் சொல்வதுண்டு. அது சரியான விளக்கமில்லை.

மங்கா ஓவியர் ஒசாமு தெசுகாவிடமிருந்து தொடங்கலாம். டிஸ்னி படங்களை விரும்பிப் பார்த்தவர் அவர். அதோடு, அவர் வளர்ந்த தகராசுகா ஊரில் பெண்களே எல்லா வேடமும் கட்டும் புகழ்பெற்ற இசை நாடகக் குழு இருந்தது. கண்ணைச் சுற்றி அடர்ந்த மை தீட்டி, மேடை விளக்கில் விழிகள் பளபளக்க அவர்கள் நடிப்பதைச் சிறுவயதிலேயே பார்த்தார். 1953-இல் அவர் தொடங்கிய 'ரிப்பன் நோ கிஷி' மங்காவில் அந்தச் சாயல் நன்றாகவே தெரியும். அப்புறம் மகோதோ தகஹாஷி போன்ற ஓவியர்கள் சிறுமிகளுக்கான இதழ்களில் விழிக்குள் நட்சத்திரங்களையே வரைந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒளிப்புள்ளிதான். கருவிழியின் மேல் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தால் முகத்துக்கு உயிர் வந்துவிடும். பாத்திரம் மனமுடைந்து போனாலோ யாருடைய வசியத்திலாவது சிக்கினாலோ, ஓவியர் அந்தப் பொட்டை மட்டும் எடுத்துவிடுவார். வசனமே வேண்டாம், பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

தொலைக்காட்சி அனிமேயில் செலவு காரணமும் உண்டு. குறைவான ஓவியங்களை வரைந்தே கதை சொல்ல வேண்டியிருந்ததால், உடல் அசையாமல் நின்றாலும் கண் நடித்தாக வேண்டும்.

சில கதைகளில் கண்ணே ஆயுதம். 'நருடோ' என்ற நிஞ்ஜா கதையில் ஷாரிங்கன் என்னும் சக்தி வாய்ந்த கண் சிவக்கும்; உள்ளே காற்புள்ளி வடிவங்கள் ஒன்றிலிருந்து மூன்றாகக் கூடும்போது சக்தியும் கூடும்.