ஃபைபர் பாடியில் ஸ்க்ரூ நிற்கவில்லையா?

கேள்வி: என்னிடம் பழைய சிபானி டால்பின் கார் இருக்கிறது, பாடி முழுக்க ஃபைபர் (கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தது). ஹெட்லைட் பிராக்கெட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள் ஆடுகின்றன. பெரிய ஸ்க்ரூ போட்டுப் பார்த்தேன், ஓட்டைதான் பெரிதானது. ரிவ்நட் (ரிவெட் போல ஓட்டையில் அடித்துப் பொருத்தும் நட்டு) அடித்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். ரிவ்நட் தகரத்துக்கு ஏற்றது. இழுக்கும்போது பின்பக்கம் புடைத்துத் தகட்டைக் கவ்வும். அந்தக் கவ்வலைத் தகரம் தாங்கும், ஃபைபர் நசுங்கி அடுக்கு அடுக்காகப் பிரியும். அப்புறம் போல்ட்டைத் திருகினால் நட்டும் சேர்ந்து சுற்றும். பெரிய ஸ்க்ரூவும் அப்படித்தான், அதன் மரை கண்ணாடி இழையை அறுத்துத் தூளாக்கிவிடும்.

ஃபைபரில் பிடிப்பு வேண்டுமென்றால் பளு அகலமாகப் பரவ வேண்டும். 40 மில்லிமீட்டர் சதுரத் தகட்டில் ஏழெட்டு ஓட்டை போட்டு, நடுவில் எம்6 போல்ட்டின் தலையை வெல்டிங் வைத்து வாங்குங்கள். எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள். 'டால்பினுக்கே ஸ்பெஷல் கிட்' என்று புரோக்கர் விலை சொன்னால், அவர் விற்பதும் இதைத்தான். 'பேனலையே மாத்தணும் சார்' என்பவரிடம் இன்னும் கவனமாக இருங்கள்.

பேனலின் பின்பக்கத்தை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால், பளபளப்பு போய் இழை தெரியும்வரை தேயுங்கள். தூசி கண்ணாடித்தூள், மாஸ்க் கட்டாயம். அசிட்டோனால் துடையுங்கள். போல்ட் மரைக்கு டேப் சுற்றி, பின்னாலிருந்து பழைய ஓட்டை வழியே முன்பக்கம் நீட்டுங்கள். தகட்டுக்கு அடியில் எபாக்சி ரெசின், மேலே அதே ரெசினில் நனைத்த நெய்த கண்ணாடித் துணி மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிதாக. தகட்டு ஓட்டைகள் வழியே ரெசின் பிதுங்கி வர வேண்டும், அதுதான் பூட்டு. மறுநாள் பெரிய வாஷர் வைத்து அளவாக முறுக்குங்கள்.

டிங்கர் கடையில் இந்த இடத்தில் பட்டி அப்பித் தருவார்கள். பெயிண்டுக்கு முன்னால் மேடு பள்ளம் நிரப்பத்தான் பட்டி. அதற்கு எதையும் தாங்கும் பலம் கிடையாது.

ரெசின் வாங்குவதுதான் பெரிய தலைவலி. சில்லறையாகக் கேட்டால் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தருகிறார்கள், பெயரும் கிடையாது, தேதியும் கிடையாது. பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்க்கும் நாட்டில் இதைக் கேட்க ஆளில்லை. சீல் உடைக்காத டப்பாவாகவே வாங்குங்கள். எபாக்சி இல்லாமல் பாலியெஸ்டர் ரெசின்தான் கிடைத்தது என்றால், அதோடு தரும் கோபால்ட்டையும் (இறுகுவதை வேகப்படுத்துவது) கேட்டலிஸ்ட்டையும் (இறுக வைப்பது) ஒருபோதும் நேருக்கு நேர் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட்.

பின்னால் கையே போகாத மூடிய பகுதி என்றால்? அப்போதும் ரிவ்நட் வேண்டாம். ஓட்டைக்குள் நுழையும் அகலத்தில் நீளமான பட்டை வெட்டி, நடுவில் நட்டை வெல்டிங் வையுங்கள். அந்த நட்டில் நீள போல்ட் ஒன்றை லேசாக மாட்டிக்கொண்டு, பட்டையின் முகத்தில் எபாக்சி பசை தடவி, சாய்த்து உள்ளே தள்ளுங்கள். போல்ட்டைப் பிடித்து இழுத்தால் பட்டை உள்பக்கம் ஒட்டி உட்காரும். இரவு முழுக்க அப்படியே இழுத்துக் கட்டி வையுங்கள். போல்ட்டில் கிரீஸ் தடவ மறந்தால் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

சீட் பெல்ட்டுக்கு இது எதுவும் ஆகாது. அதை இரும்புச் சேஸிஸில்தான் பிடிக்க வேண்டும்.