ஏற்றத்தில் 10, இறக்கத்தில் 20: சராசரி எவ்வளவு?

கேள்வி: மலைப்பாதையில் ஏறும்போது என் கார் லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்தது. அதே வழியில் இறங்கும்போது 20 கி.மீ. சராசரி 15 தானே? என் மகள் 13.3 என்று பிடிவாதமாகச் சொல்கிறாள்.

பதில்: மகள் சொல்வதுதான் சரி. அவளை மனமாரப் பாராட்டுங்கள். கணக்கு ஆசிரியராக எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

பாதை 100 கி.மீ. என்று வையுங்கள். ஏற 10 லிட்டர், இறங்க 5 லிட்டர். ஆக 200 கி.மீ.க்கு 15 லிட்டர், வகுத்தால் 13.3. பாதை 40 கி.மீ. என்றாலும் 80-ஐ 6-ஆல் வகுக்க வேண்டும், அதே விடைதான். போகவர எரிபொருள் சமமாகச் செலவாகியிருந்தால் உங்கள் 15 பொருந்தும். இங்கே சமமாக இருப்பது தூரம்.

மாணவர்களிடம் நான் எண்ணைத் திருப்பிப் போடச் சொல்வேன்: 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர்? ஐரோப்பாவின் பல நாடுகளில் இப்படித்தான் அளக்கிறார்கள். ஏற்றத்தில் 10, இறக்கத்தில் 5, சராசரி 7.5. தூரம் சமம் என்பதால் இந்த அளவில் தாராளமாகக் கூட்டி வகுக்கலாம்.

இன்னொன்றும் அவளிடம் கேளுங்கள். சீரான வேகத்தில் ஓடும் காருக்குத் தூரத்தையும் எரிபொருளையும் வரைபடமாக்கினால் கோடு பூஜ்யத்திலிருந்து கிளம்பும். கிளம்பும் முன்பே என்ஜினை ஓடவிட்டு நின்றால்? தூரம் பூஜ்யமாக இருக்கும்போதே எரிபொருள் செலவாகிவிடும், கோடு சற்று மேலேயிருந்து தொடங்கும். அது நேர்கோடாகவே இருந்தாலும் நேர்விகிதம் ஆகாது. ஏன் என்பதை அவளே விளக்கட்டும்.