மூழ்கிய நெல் பிழைக்குமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில் எங்கள் பிசானப் பருவ நெல் நடவு முழுவதும் மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்தபோது பயிர் நீண்டு வெளுத்து, மண்ணோடு மண்ணாகச் சாய்ந்து கிடந்தது. இரண்டு வாரம் நீருக்குள் கிடந்தாலும் சாகாத நெல் வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா ஐயா? நாங்கள் நடும் அம்பை 16 ரகத்தில் அந்தக் குணம் உண்டா?
– விவசாயி, சீவலப்பேரி

பதில்: உண்மைதான். ஆனால் எந்த வெள்ளத்துக்கு, எந்தப் பருவத்துப் பயிருக்கு என்பதை விளங்கிக்கொண்டுதான் அந்த விதையைத் தேட வேண்டும்.

நெல் நீருக்குள் மடிவதற்குப் பட்டினிதான் முதற்காரணம். காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே வாயுக்கள் நீரில் பரவும். கலங்கல் நீரில் வெளிச்சமும் குறைவு. ஆகவே மூழ்கிய பயிரால் உணவு தயாரிக்க இயலாது. அதே வேளையில், பயிர் தானாக வெளியிடும் எத்திலீன் வாயு வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கி, ‘நீள், மேலே போ’ என்று பயிரை விரட்டுகிறது. தூரில் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துப் பயிர் நீள்கிறது. நீர் வடியும்போது கையிருப்பு தீர்ந்து, தண்டு நூலாகிச் சாய்கிறது. நீங்கள் கண்ட வெளுப்பும் நீட்சியும் அந்தக் கடைசி முயற்சியின் அடையாளங்கள்.

ஒடிசா விவசாயிகளிடம் வழிவழியாக இருந்த ஒரு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13ஏ என்னும் ரகம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. மூழ்கியவுடன் வளர்ச்சியை நிறுத்தி, சர்க்கரையைச் சேமித்து, அசையாமல் காத்திருக்கிறது. நீர் வடிந்ததும் அடியிலிருந்து புதுத் தளிர் விடுகிறது. இதற்குக் காரணமான சப்1ஏ என்ற மரபணுவை ஆய்வாளர்கள் 2006-இல் அடையாளம் கண்டனர். அந்தப் பகுதியை மட்டும் டி.என்.ஏ. அடையாளக் குறிகளின் துணையோடு பின்தொடர்ந்து, மீண்டும் மீண்டும் ஒட்டுச் சேர்த்து, சுவர்ணா என்ற ரகத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2009-இல் இந்தியாவில் வெளியான சுவர்ணா சப்-1 இவ்வாறு பிறந்ததே. இதில் வேற்று உயிரின் மரபணு ஏதுமில்லை. நெல்லின் குணம்தான் நெல்லுக்குப் போயிருக்கிறது. பெயர் பதிவாகாத எத்தனையோ தலைமுறை உழவர்கள் வெள்ளக்காட்டில் அந்த விதையைக் கைவிடாமல் காத்ததை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

இனி உங்கள் வயலுக்கு வருவோம். அம்பை 16 நம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அருமையான குறுகிய கால ரகம். ஆனால் மூழ்குதலைத் தாங்குவதற்காக உருவாக்கப்பட்டதன்று. இந்தக் குணம் சேர்க்கப்பட்ட சி.ஆர். 1009 சப்-1 என்ற ரகம் தமிழ்நாட்டில் கிடைக்கிறது. அதற்கு ஐந்து மாதத்துக்கு மேல் வயது. பிசானத்தில் நடவு பிந்தினால், அணைத் தண்ணீர் நிற்கும் முன் அது முற்றுமா என்பதை மடை நிலவரம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மேலும் இக்குணம் நட்டு வேர் பிடித்த பிறகு, தூர் கட்டும் பருவத்தில், ஏறத்தாழ இரண்டு வாரம் முழுதாக மூழ்கும் நிலைக்கே உதவும். பூக்கும் வேளையில் மூழ்கினால் உதவாது. முழங்கால் அளவு நீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்பது வேறு சிக்கல். வெள்ளம் வயலில் மணலைக் கொட்டிவிட்டுப் போனால் எந்த மரபணுவும் துணைக்கு வராது. 2023-இல் ஆற்றோர வயல்கள் சிலவற்றுக்கு நேர்ந்தது அதுதான். அந்த மணலை அள்ள வேண்டிய செலவை விதை ஆராய்ச்சியின் தோளில் ஏற்றக் கூடாது.

சப்-1 ரகம் நட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: நீர் வடிந்த அன்று பயிர் செத்ததுபோலத்தான் தெரியும். அவசரப்பட்டு உழுதுவிடாமல் ஒரு வாரம் பொறுத்து, புது இலை வந்த பிறகு மேலுரம் இடுங்கள்.

கேள்வி: மரபணுத் திருத்தம் செய்த நெல்லும் மரபணு மாற்றுப் பயிரும் ஒன்றா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: ஒன்றல்ல. பி.டி. பருத்தியில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு நிரந்தரமாகக் குடியேறியிருக்கிறது. 2025 மே 4 அன்று மத்திய அரசு அறிவித்த இரு நெல் ரகங்களிலோ, நெல்லின் சொந்த மரபணுவில் ஓரிடம், மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் முறையில் வெட்டப்பட்டுள்ளது. செல் அந்த வெட்டை ஒட்டிச் சரிசெய்யும்போது விழும் சிறு பிழையால் மரபணுவின் செயல் குறைகிறது. வெட்டிய கருவி அடுத்தடுத்த தலைமுறைகளில் விலக்கப்பட்டுவிடுகிறது. அயல் மரபணு எஞ்சாத இத்தகைய பயிர்களுக்கு, மரபணு மாற்றுப் பயிர்களுக்குரிய கடுமையான அனுமதி முறையிலிருந்து 2022 மார்ச்சில் விலக்கு அளிக்கப்பட்டது.

அவற்றுள் கமலா என்பது, நம் கடைகளில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் பி.பி.டி. 5204-இலிருந்து ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. கதிரில் மணிகள் பெருகத் தூண்டும் சைட்டோகைனின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சிதைக்கும் நொதியை அதில் தளர்த்தியிருக்கிறார்கள். சிதைவு குறைய, மணி கூடுகிறது. மற்றொன்று எம்.டி.யு. 1010-இலிருந்து வந்த பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1, வறட்சியையும் உவர்ப்பையும் தாங்குவது இதன் நோக்கம். கமலாவுக்கு 19 விழுக்காடு கூடுதல் விளைச்சலும் 20 நாள் முந்திய அறுவடையும் உண்டென்று அறிவிப்பு கூறியது. தாமிரபரணிப் பாசனத்தில் பல பருவங்கள் நட்டுப் பார்க்காமல் இவ்வெண்களை நான் வாக்குறுதியாக எடுத்துச் சொல்ல மாட்டேன். வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்ற படிகளைக் கடந்தே எந்த ரகமும் உழவரிடம் வர வேண்டும் என்பதால், இப்பெயர்களைச் சொல்லிச் சான்றுச் சீட்டில்லாத பையில் யாரேனும் விதை விற்றால் வாங்க வேண்டாம்.

கேள்வி: ரசகதலி வாழை வாடல் நோயில் போகிறது. வெளிநாட்டில் இதற்கு வாழையே கண்டுபிடித்துவிட்டார்களாமே?
– வாசகர், களக்காடு

பதில்: 2024 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா அனுமதித்த கியூகேவ்-4 வாழையைக் குறிப்பிடுகிறீர்கள். காட்டு வாழையின் மரபணு ஒன்றைக் கேவண்டிஷ் என்னும் வாழை ரகத்துக்குள் சேர்த்து உருவாக்கியது அது. இது மரபணு மாற்றுப் பயிரே. வாடல் நோய்க்குக் காரணமான பூஞ்சையில் கேவண்டிஷைத் தாக்கும் நான்காம் வகையை எதிர்க்கவே அது உருவானது. ரசகதலியைப் பழைய முதல் வகைப் பூஞ்சையும் வீழ்த்தும். எனவே அந்தச் செய்தி உங்கள் தோட்டத்துக்கு இப்போது மருந்தாகாது. இப்பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். நோய் கண்ட தோட்டத்திலிருந்து பக்கக்கன்று எடுக்காதீர்கள். நோயற்ற தாயிலிருந்து வந்த திசு வளர்ப்புக் கன்றை வாங்கி, நோய் காணாத நிலத்தில் நடுங்கள். பாதித்த நிலத்தில் அடுத்த போகத்துக்கு நெல் வைத்து நீர் தேக்குவது பூஞ்சையைக் குறைக்க உதவும். பாதித்த வயலில் உழுத டிராக்டரையும் மண்வெட்டியையும் கழுவாமல் அடுத்த வயலில் இறக்காதீர்கள். ஒட்டிய மண்ணோடு நோயும் வரப்புத் தாண்டும்.