படிவத்தை மறைத்துவிட்டோம், ஆனாலும் வெளியாட்கள் அனுப்புகிறார்களே?

கேள்வி: எங்கள் சங்கத்தின் இணையதளம் வேர்ட்பிரஸில் இயங்குகிறது. காண்டாக்ட் ஃபார்ம் 7 என்ற ப்ளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) மூலம் ஒரு பரிந்துரைப் படிவம் வைத்திருக்கிறோம். செயற்குழு உறுப்பினர்கள் மட்டுமே அதை அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்குப் படிவமே தெரியாதபடி டெவலப்பர் மறைத்துக் கொடுத்தார். ஆனாலும் சாதாரண உறுப்பினர்கள், உறுப்பினரே அல்லாதவர்கள் பெயரில் படிவங்கள் வருகின்றன. கட்டண மெம்பர்ஷிப் ப்ளகின் வாங்கினால் சரியாகும் என்கிறார் டெவலப்பர். வாங்கலாமா?

பதில்: இந்தக் காரணத்துக்காக வாங்க வேண்டாம். மெம்பர்ஷிப் ப்ளகின்களின் முக்கிய வேலை, ஒரு பக்கத்தை யார் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது. அது உங்கள் தளத்தில் ஏற்கெனவே நடக்கிறது. ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

படிவம் கண்ணுக்குத் தெரிவது ஒன்று. நிரப்பி அனுப்பியதை உங்கள் சர்வர் வாங்கிக்கொள்வது இன்னொன்று. காண்டாக்ட் ஃபார்ம் 7-இல் அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் தகவல் ரெஸ்ட் ஏபிஐ எனப்படும் தனி முகவரிக்குப் போகிறது. அந்த முகவரியின் அமைப்பு எல்லாத் தளங்களிலும் ஒன்றுதான், படிவத்தின் எண் மட்டும் மாறும். எண்ணை ஊகிப்பது பெரிய வித்தை அல்ல. பக்கத்தைத் திறக்காமலே அங்கே தகவலைக் கொண்டுபோய்ப் போடலாம். சன்னலைச் சாத்திவிட்டு வாசலைத் திறந்து வைத்த கணக்கு. சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) வைத்து மறைத்திருந்தால் இன்னும் மோசம்: முழுப் படிவமும் பக்கத்தின் சோர்ஸில் அப்படியே கிடக்கும்.

அப்படியானால் சர்வர் தகவலைப் பெறும் இடத்தில் அனுப்புகிறவரின் ரோலை, அதாவது தளத்தில் அவருக்குத் தந்திருக்கும் பொறுப்பு வகையை, சோதித்தால் போதுமா? போதும், ஆனால் அதற்குமுன் ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டும். பல டெவலப்பர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். காண்டாக்ட் ஃபார்ம் 7, தன் 4.9 பதிப்பிலிருந்து, நான்ஸ் என்ற ஒருவகைத் தற்காலிகச் சீட்டைத் தானாகச் சோதிப்பதில்லை. அந்தச் சீட்டு கூடவே வராவிட்டால், லாகின் செய்தவரைக்கூட ரெஸ்ட் ஏபிஐ விருந்தாளியாகத்தான் கருதும். எனவே ரோல் சோதனையை மட்டும் எழுதினால் செயற்குழு உறுப்பினர்களுக்கும் சேர்த்துத் தடை விழும். உடனே 'ப்ளகின் பிழை' என்று சொல்லிச் சோதனையையே கழற்றிவிடுவார்கள்.

இதற்கான மருந்து அதே ப்ளகினுக்குள் இலவசமாக இருக்கிறது. படிவத்தைத் திருத்தும் பக்கத்தில் 'அடிஷனல் செட்டிங்ஸ்' என்ற கடைசி டேபுக்குப் போங்கள். வெறும் எழுத்துப்பெட்டி ஒன்று இருக்கும். டிக் அடிக்கிற மாதிரி ஒரு கட்டம் வைத்திருக்கலாம். இத்தனை வருடமாக வைக்கவில்லை. அந்தப் பெட்டியில் சப்ஸ்கிரைபர்ஸ், ஒன்லி என்ற இரு சொற்களையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டு எழுதி, முக்காற்புள்ளி வைத்து, ட்ரூ என்று முடித்துச் (subscribers_only: true) சேமியுங்கள். இந்த ஒரே வரி இரண்டு வேலை செய்யும். லாகின் செய்யாதவர் அனுப்புவது நின்றுபோகும். நான்ஸ் சோதனையும் இயங்கத் தொடங்கும். உறுப்பினர் அல்லாதோர் தொல்லை இதோடு தீரும்.

சாதாரண உறுப்பினர்களை நிறுத்த இது போதாது. லாகின் செய்த எவரையும் இந்த வரி உள்ளே விடும். இங்கேதான் ரோல் வருகிறது. ஆனால் 'இவர் செயற்குழுவா' என்று ரோலின் பெயரைக் கேட்காதீர்கள். 'இவருக்குப் படிவம் அனுப்பும் அனுமதி உண்டா' என்று கேளுங்கள். வேர்ட்பிரஸில் இந்த அனுமதிக்கு கேப்பபிலிட்டி என்று பெயர். நாளைக்கு ஆலோசகர் குழுவும் அனுப்பலாம் என்று முடிவானால் அந்த ரோலுக்கு அனுமதியைக் கொடுத்தால் முடிந்தது, நிரல் கோடைத் தொட வேண்டாம். 'மெம்பர்ஸ்' அல்லது 'யூசர் ரோல் எடிட்டர்' ப்ளகினின் இலவசப் பதிப்பிலேயே புது அனுமதி ஒன்றை உருவாக்கி ரோலுக்குத் தரலாம். அட்மினுக்கும் மறக்காமல் கொடுங்கள். புதிதாக உருவாக்கிய அனுமதி அட்மினுக்குத் தானாக வந்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

கூடவே 'செட்டிங்ஸ்' மெனுவில் 'ஜெனரல்' பக்கத்தைப் பாருங்கள். யாரும் பதிவு செய்யலாம் என்பது டிக் ஆகியிருந்து, புதியவர்களுக்கான ரோல் செயற்குழு என்று இருந்தால், மேலே சொன்ன எல்லாமே வீண். அது சப்ஸ்கிரைபர் என்றே இருக்கட்டும்.

மிச்சம் இருப்பது இருபது வரிகூட வராத நிரல் கோடு. டெவலப்பரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "காண்டாக்ட் ஃபார்ம் 7-இன் வேலிடேஷன் (நிரப்பியதைச் சரிபார்க்கும்) கட்டத்தில், இந்தப் படிவத்துக்கு மட்டும், இந்த அனுமதி இல்லாதவரைத் தடுத்து, திரையில் காரணம் காட்ட வேண்டும். கோடு தனிச் சிறு ப்ளகினாக இருக்க வேண்டும்." தீமின் (தளத்தின் தோற்றத் தொகுப்பின்) ஃபங்ஷன்ஸ் ஃபைலில் எழுதினால் அடுத்த தீம் அப்டேட்டில் பறந்துவிடும். வேலிடேஷன் கட்டம் என்று வற்புறுத்தவும் காரணம் உண்டு. மெயில் அனுப்பும் கட்டத்தில் தடுத்தால் மெயில் வராது, ஆனால் படிவங்களைச் சேமிக்கும் சில ப்ளகின்கள் அதே கட்டத்தில்தான் பதிவு செய்கின்றன. தடுத்ததாக நினைத்தது டேட்டாபேஸில் உட்கார்ந்திருக்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் ஓர் இடத்தில் உதைக்கும்: கேஷ், அதாவது பக்கத்தின் பிரதியைச் சேமித்து வைத்துக் காட்டும் வசதி. நான்ஸ் சீட்டின் ஆயுள் அதிகபட்சம் 24 மணி நேரம். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும், பழையது இன்னொரு சுற்று வரை செல்லும். அது அந்தந்தப் பயனருக்கென்றே உருவாவது. இப்போது உங்கள் ஹோஸ்டிங்கிலோ சிடிஎன்னிலோ (பல இடங்களிலுள்ள சர்வர்களிலிருந்து பக்கத்தைத் தரும் சேவை) பக்கத்தைப் பிரதி எடுத்து எல்லாருக்கும் அதையே காட்டும் வசதி இருந்தால் என்ன ஆகும்? லாகின் செய்யாதவருக்காக எடுத்த பிரதி செயற்குழு உறுப்பினருக்குப் போனால், லாகின் செய்திருந்தும் 'லாகின் செய்தவர்களுக்கு மட்டும்' என்ற வாசகமே அவருக்குத் தெரியும். ஓர் உறுப்பினருக்காக எடுத்த பிரதி இன்னொருவருக்குப் போனால் படிவம் தெரியும், நிரப்புவார், அனுப்புவார், சீட்டு வேறொருவருடையது என்பதால் 403 பிழையோடு நின்றுவிடும். அவர் திரையில் விளங்கும்படி எதுவும் வராது. படிவத்தைக் காலையில் திறந்து வைத்துவிட்டு மறுநாள் மதியம் அனுப்பினால், கேஷே இல்லாவிட்டாலும் இதே கதி. 'சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் இல்லை' என்ற புகார் வந்தால் கோடைக் குடைய வேண்டாம். கேஷ் ப்ளகினில் அந்தப் பக்க முகவரியை விலக்குங்கள். அது மட்டும் போதாது: ஹோஸ்டிங் நிறுவனத்தின் கேஷ், சிடிஎன் இரண்டிலும் தனித்தனியாக விலக்க வேண்டும். பிறகு பழைய பிரதிகளை மூன்று இடத்திலும் அழியுங்கள். ப்ளகினில் மட்டும் அழித்துவிட்டு 'சரி பண்ணிட்டேன்' என்று சொல்லும் ஆட்கள் ஏராளம்.

ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் கேளுங்கள். இந்தத் தேவைக்கு யாராவது கட்டண ப்ளகினை மிகக் குறைந்த விலைக்கு, 'ஆயுள் லைசென்ஸ்' என்று தந்தால், அது பெரும்பாலும் நல்ட், அதாவது லைசென்ஸ் உடைத்த திருட்டுப் பிரதிதான். லைசென்ஸ் சோதனையைப் பிய்த்தவர் உள்ளே வேறென்ன சொருகியிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. அப்டேட்டும் முறையாக வராது. வெளியாட்களைத் தடுக்கப் போய் அட்மின் சாவியையே வெளியாளிடம் கொடுத்த கதையாகும். வேலைக்கு வருபவருக்கு உங்கள் பாஸ்வேர்டைத் தராதீர்கள். தனி அட்மின் கணக்கு கொடுத்து, வேலை முடிந்த அன்றே நீக்குங்கள். நீக்கும்போது அவர் உருவாக்கிய பக்கங்களை யாருக்கு மாற்றுவது என்று கேட்கும்; உங்கள் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே உங்கள் கணக்கிலேயே வேலை செய்திருக்கிறாரா? பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, உங்கள் ப்ரொஃபைல் பக்கத்தின் கீழே 'அப்ளிகேஷன் பாஸ்வேர்ட்ஸ்' பகுதியையும் பாருங்கள். அங்கே தெரியாத பெயர் இருந்தால் ரத்து செய்யுங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அவை தானாகச் சாவதில்லை. 5.6 பதிப்பிலிருந்து இருக்கும் வசதி. எட்டிப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

பணம் கொடுக்கும் முன் இரண்டு சோதனை. படிவத்தை ஒரு டேபில் திறந்து நிரப்பி வையுங்கள். இன்னொரு டேபில் லாக்அவுட் செய்யுங்கள். முதல் டேபுக்கு வந்து அனுப்புங்கள். போய்ச் சேர்ந்தால் சர்வர் தகவலைப் பெறும் இடத்தில் சோதனையே இல்லை என்று அர்த்தம். அடுத்து, அதே படிவத்தை மெனுவில் இல்லாத புதுப் பக்கம் ஒன்றில், எதையும் மறைக்காமல் போடுங்கள். சாதாரண உறுப்பினர் கணக்கில் லாகின் செய்து அனுப்புங்கள். காரணத்தோடு தடை விழ வேண்டும். போய்ச் சேர்ந்தால், டெவலப்பர் பழையபடி பக்கத்தைத்தான் மறைத்திருக்கிறார். சோதனை முடிந்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள். அட்மின் கணக்கில் மட்டும் சோதித்துக் காட்டினால் ஏற்காதீர்கள். அட்மினுக்கும் அனுமதி கொடுத்திருப்பதால் அங்கே தடையே விழாது.

இனி வரும் மெயில்களில் அனுப்பியவர் யார் என்று தெரிய, படிவத்தின் 'மெயில்' டேபில் யூசர் லாகின் என்ற சிறப்பு டேகைச் சேர்க்கச் சொல்லுங்கள். 'அடிஷனல் செட்டிங்ஸ்' டேபில் எழுதிய அந்த வரி இருந்தால்தான் அது நிரம்பி வரும், இல்லாவிட்டால் காலியாக நிற்கும். இதுவரை வந்த படிவங்களில் எது செயற்குழுவினுடையது என்று இப்போது பிரித்தெடுக்க வழியில்லை. அவற்றில் இருக்கும் பெயர் அனுப்பியவரே தட்டியது, யாரும் யார் பெயரையும் போட்டிருக்கலாம். ஒரு தேதி குறித்து, செயற்குழுவினரை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.