கண்டாங்கிக் கட்டம் நெளிந்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை

கேள்வி: 2007-இல் கானாடுகாத்தான் வளவில் எங்கள் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) நடந்தது. ஸ்டுடியோக்காரர் மினி டிவி (MiniDV) கேசட்டில் எடுத்துக் கொடுத்ததை என் தம்பி அப்போதைய ப்ரீமியர் ப்ரோ சிஎஸ்3-இல் எடிட் செய்தான். இப்போது அப்பச்சிக்குச் சதாபிஷேகம் வருகிறது. மண்டபத்தில் பெரிய திரையில் போடலாம் என்று அந்தப் பழைய ப்ராஜெக்டைப் புது ப்ரீமியரில் திறந்தோம். முகமெல்லாம் மங்கல். கை அசைந்தால் சீப்புப் பல் மாதிரி கோடு. ஆத்தாவின் கண்டாங்கிச் சேலையில் கட்டங்கள் நெளிகின்றன. இரண்டு ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு வேறு. டவுனில் ஒருவர், "ஃபைல் கெட்டுப்போச்சு ஆச்சி, டிஸ்க்கையும் கேசட்டையும் கொடுங்க, 4கே ஆக்கித் தர்றேன், 25,000 ஆகும்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், ஆச்சி. மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் கேசட்டுகளை எடுத்து, விளிம்பில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைப் பாருங்கள். 'ரெக்', 'சேவ்' என்று இரண்டு நிலை இருக்கும். 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள். அதன் மேல் யாரும் தெரிந்தோ தெரியாமலோ எதையும் பதிவு செய்ய முடியாது. அடுத்து, தம்பியின் டிஸ்க்கை அப்படியே இன்னொரு புது டிஸ்க்கில் நகல் எடுங்கள். பத்தொன்பது வருஷ டிஸ்க் இன்றைக்குச் சுற்றுகிறது என்பதே பெரிய விஷயம். நாளைக்கும் சுற்றும் என்று நம்பி வேலையை ஆரம்பிக்கக் கூடாது.

இப்போது "கெட்டுப்போச்சு" என்பதைப் பார்ப்போம். ப்ராஜெக்ட் ஃபைல் என்பது உங்கள் வீட்டுப் பேரேடு மாதிரி. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், எதற்குப் பின் எது என்ற கணக்கு மட்டும்தான் அதில் இருக்கும். பணம் இரும்புப் பெட்டியில். பேரேட்டைப் புதுக் கணக்குப்பிள்ளை தப்பாக வாசித்தால் பெட்டியில் இருக்கும் பணம் குறைந்துவிடாது. புது ப்ரீமியர்தான் அந்தப் புதுக் கணக்குப்பிள்ளை. நீங்கள் எழுதியிருக்கும் நான்கு கோளாறில் ஒன்றுகூட ஃபைல் கெட்டதற்கான அறிகுறி இல்லை.

சீப்புப் பல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்துக் கேமரா ஒரு படத்தை முழுசாக எடுக்காது. தறியில் ஒற்றைப்படை இழையை ஒரு தரமும் இரட்டைப்படை இழையை மறு தரமும் தூக்குகிறார்களே, அதுபோல 576 வரிகளில் பாதியை முதலிலும் மீதியை அடுத்த 1/50 நொடியிலும் எடுக்கும். பழைய டப்பா டிவி அதே வரிசையில் காட்டியதால் கண்ணுக்குச் சரியாக இருந்தது. இன்றைய திரை இரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் காட்டுகிறது. அந்த 1/50 நொடிக்குள் கை நகர்ந்திருந்தால் பல் தெரியும். அசையாத தூண், கதவு, ஆத்தங்குடித் தரையில் பல் தெரிகிறதா பாருங்கள். தெரியாது. கண்டாங்கிக் கட்டம் நெளிவதும் இதே கதைதான். மெல்லிய குறுக்குக் கோடு ஒரு பாதியில் விழுந்து மறு பாதியில் விழாவிட்டால் நெளியத்தான் செய்யும்.

பல் தெரிவது ஒன்று, படம் முன்னும் பின்னும் உதறுவது வேறொன்று. அசைவு இரண்டடி முன்னே போய் ஓரடி பின்னே வருவது போலத் தெரிந்தால் பாதிகளின் வரிசை தலைகீழாகிவிட்டது என்று பொருள். கிளிப்பை வலது கிளிக் செய்து 'இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ்' போங்கள். மினி டிவி கேசட்டுக்கு 'லோயர் ஃபீல்ட் ஃபர்ஸ்ட்' என்றுதான் இருக்க வேண்டும்.

ஓரத்துக் கறுப்புக் கோடு அன்றைக்கும் இருந்தது. டப்பா டிவி படத்தின் விளிம்பைச் சட்டத்துக்குள் மறைத்துக்கொள்ளும். கணினித் திரை மறைக்காது, அவ்வளவுதான். ஆனால் இந்தக் கோட்டுக்கும் முகம் மங்கலாவதற்கும் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. இந்தக் கேசட்டின் படம் 720-க்கு 576 புள்ளி. அந்தப் புள்ளிகள் சரியான சதுரம் அல்ல, சற்றே அகலமானவை. எவ்வளவு அகலம் என்பதற்கு உங்கள் தம்பியின் சிஎஸ்3 வைத்திருந்த கணக்கு 1.067. 2008-இல் சிஎஸ்4 வந்தபோது, ஓரத்தில் படமில்லாத அந்தக் கோட்டையும் கணக்கில் சேர்த்து 1.094 என்று ப்ரீமியர் தயாரிக்கும் அடோபிக்காரர்கள் மாற்றினார்கள். கணக்காகப் பார்த்தால் புதியதுதான் சரி. ஆனால் பழைய ப்ராஜெக்ட் ஒரு எண்ணைச் சொல்ல, புது மென்பொருள் கிளிப்புக்கு வேறு எண்ணைப் போட, ஒவ்வொரு படமும் ஒரு நூல் இழுக்கப்பட்டு மறுபடி வரையப்படும். கூர்மை அதில்தான் போகிறது. மாற்றியவர்கள் பழைய ப்ராஜெக்டைத் திறக்கும்போது ஒரு வரி எச்சரிக்கை காட்டியிருக்கலாம். மென்பொருள் வாடகையை மாசாமாசம் ஞாபகமாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இது ஞாபகம் வராது.

இதற்கு வழி சுலபம். புது ப்ரீமியரிலேயே 'டிவி பால் ஸ்டாண்டர்ட் 48' (DV PAL Standard 48) என்ற தயார்நிலை அமைப்பில் ஒரு சீக்வென்ஸ், அதாவது புது டைம்லைன், திறந்து, பழைய டைம்லைனில் இருப்பதை மொத்தமாக நகலெடுத்து அதில் ஒட்டுங்கள். தயவுசெய்து 1080 சீக்வென்ஸிலோ 4கே சீக்வென்ஸிலோ கொண்டுபோய்ப் போடாதீர்கள். திறந்ததும் வேறு பெயரில் சேமியுங்கள். புதிதில் சேமித்ததைப் பழைய ப்ரீமியர் திறக்காது.

மங்கலுக்கு இன்னும் இரண்டு சில்லறைக் காரணங்கள் உண்டு. ப்ரிவ்யூத் திரைக்குக் கீழே 'ஃபுல்' என்று இருக்கிறதா, '1/2' என்று இருக்கிறதா பாருங்கள். பாதியில் இருந்தால் பாதிதான் தெரியும். பக்கத்தில் 'ஃபிட்' என்று இருப்பதை 100% ஆக்குங்கள். படம் தபால்தலை மாதிரி சுருங்கும், பயப்பட வேண்டாம், அதன் உண்மையான அளவே அதுதான். எக்ஸ்போர்ட் செய்யும்போது 'யூஸ் ப்ரிவ்யூஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

இனி அந்த 25,000 ரூபாய் மனிதருக்கு வருகிறேன். உங்கள் கேசட்டில் ஒரு படத்துக்கு 4,14,720 புள்ளி. 4கே திரைக்கு வேண்டியது 82,94,400. சரியாக இருபது மடங்கு. நாலு பேருக்கு வடித்த சோற்றை எண்பது இலையில் பரிமாறுகிற கதை. மீதி எழுபத்தாறு பேருக்கான சோறு எங்கிருந்து வரும்? மென்பொருள் தானாகக் கற்பனை செய்து போடும். தேவகோட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இப்படிச் செய்து வாங்கிய வீடியோவை என்னிடம் காட்டினார்கள். அவர்கள் வீட்டு ஆயாவின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பீங்கான் பொம்மை மாதிரி வழவழவென்று இருந்தது. வைரத்தோடு காதோடு கரைந்து ஒரு வெள்ளைப் பொட்டாகிவிட்டது. "இது எங்க ஆயாவே இல்லை" என்று பேத்தி சொன்னாள். பணம் போனது போனதுதான்.

அதைவிடக் கொடுமை, அந்த வேலைக்குக் கேசட்டை அவர்கள் தொடவே இல்லை. வீட்டிலிருந்து வாங்கிய டிவிடியிலிருந்து படத்தை எடுத்து ஊதிப் பெருக்கியிருந்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், கலச நீர் ஊற்றும் இடத்தைப் பார்த்தேன். டிவிடிக்காக நன்றாகச் சுருக்கப்பட்ட படத்தில் தண்ணீர் கொட்டுகிற இடம் சின்னச் சின்னச் சதுரமாக உடையும். கேசட்டிலிருந்து நேராக எடுத்ததில் அப்படி உடையாது. யாரிடம் வேலை கொடுத்தாலும் அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் முதலில் மாதிரியாக வாங்கிப் பாருங்கள். கேசட்டை எப்படிக் கணினியில் ஏற்றுவீர்கள் என்றும் கேளுங்கள். 'ஃபயர்வயர்' (கேசட்டில் உள்ளதை அப்படியே டிஜிட்டலாக ஏற்றும் ஒயர்) என்று சொன்னால் உட்காருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை யுஎஸ்பி குச்சியில் சொருகுகிறவராக இருந்தால் கேசட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் டிஸ்க்கிலும் இதே சோதனையைச் செய்யலாம். ஒரு மணி நேரக் கேசட்டை ஒழுங்காக ஏற்றியிருந்தால் ஃபைல் சுமார் 13 ஜிபி இருக்கும். ப்ராஜெக்டைத் திறக்கும்போது 'ஃபைல் எங்கே' என்று ப்ரீமியர் கேட்டு, நீங்கள் அவசரத்தில் ஏதோ ஒன்றைக் காட்டினீர்களா? ஒரே பெயரில் 13 ஜிபியும் இருக்கும், டிவிடிக்காகச் சுருக்கிய 1 ஜிபியும் இருக்கும். சின்னதைக் காட்டிவிட்டால் நான் மேலே சொன்ன எல்லாம் செய்தாலும் மங்கல் போகாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நிறையப் பேர் நல்ல சொத்தைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். சோனி 2004 வாக்கில் எஃப்எக்ஸ்1, அடுத்து இசட்1 என்று சில கேமராக்களைக் கொண்டுவந்தது. அவை இதே மினி டிவி கேசட்டில், அதே அறுபது நிமிஷத்தில், ஹெச்டிவி (HDV) என்ற முறையில் 1440-க்கு 1080 புள்ளி பதிவு செய்யும். ஆனால் அன்றைய கணினிகள் அதை எடிட் செய்யத் திணறும். அதனால் கேமராவிலேயே 'ஐ-லிங்க் கன்வர்ட்' என்ற அமைப்பைப் போட்டு, வெளியே வரும்போது சாதாரண 720-க்கு 576 ஆக இறக்கி ஏற்றிக்கொள்வார்கள். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். அதாவது உங்கள் தம்பியின் டிஸ்க்கில் இருப்பது இறக்கிய நகலாக இருக்கலாம். உயர்ந்த படம் கேசட்டுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் யாருடைய 4கே-யும் வேண்டாம். கேசட்டைத் திரும்ப ஏற்றினாலே ஏறக்குறைய நான்கு மடங்கு புள்ளி கிடைக்கும், கற்பனை இல்லாமல்.

ஆபத்து எங்கே என்றால், ஹெச்டிவி கேசட்டைச் சாதாரண மினி டிவி கேமராவில் போட்டால் படம் வராது. கடைக்காரர் "கேசட் காலி ஆச்சி" என்று திருப்பிக் கொடுப்பார். காலி கேசட் என்று நினைத்து நீங்களும் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். போடாதீர்கள். ஹெச்டிவி ஓட்டும் கேமராவில் ஒரு தரம் ஓட்டிப் பார்க்காமல் எந்தக் கேசட்டையும் காலி என்று நம்ப வேண்டாம்.

எந்தக் கேமராவில் எடுத்தது என்று ஸ்டுடியோக்காரருக்கு ஞாபகம் இருக்குமா? இருக்காது, பலர் கடையையே மூடிவிட்டார்கள். கேசட் சீட்டில் ஹெச்டிவி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். படத்துக்கு மேலும் கீழும் தடித்த கறுப்புப் பட்டை இருந்தால் சந்தேகப்படலாம், அகலப் படத்தை இறக்கும்போது அப்படி வருவதுண்டு. இரண்டும் இல்லையென்றால் வீட்டுக் கண்ணாடியைத் தேடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் பக்கத்து வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடிக்குப் பஞ்சமா? ஒரு வீட்டு வீடியோவில் முகப்பிலிருந்து உள்ளே போகும்போது சுவர்க் கண்ணாடியில் கேமராக்காரர் ஒரு நொடி தெரிந்தார். அவர் கையில் இருந்த கேமராவின் முன்வடிவத்தை வைத்தே எஃப்எக்ஸ்1 என்று கண்டுகொண்டோம்.

மண்டபத்துக்கு எப்படிக் கொடுப்பது? எடிட் செய்ததை அதே பழைய டிவி பால் அளவில், பாதிகளைத் தொடாமல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அப்புறம் அதை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, 'டீஇன்டர்லேஸ்' என்ற இடத்தில் 'பாப்' (Bob) தேர்ந்து, ஃப்ரேம் வேகத்தை 50 என்று வையுங்கள். சீப்புப் பல் போய்விடும், அசைவும் அன்று பார்த்த மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். நேரே ப்ரீமியரிலேயே 25 ஃப்ரேமுக்கு மாற்றினால் பல் போகும், ஆனால் அசைவில் பாதி போய்விடும். அளவு 1440-க்கு 1080 போதும். எல்.இ.டி. திரைக்காரர் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று இழுத்து நிரப்பப் பார்ப்பார். விடாதீர்கள். இழுத்தால் அப்பச்சி அரிசி மூட்டை மாதிரி தெரிவார். பென் டிரைவில் ஏற்றும்போது 4 ஜிபிக்கு மேல் ஏறவில்லை என்றால் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் வரும் தமிழ்த் தலைப்பு ஆங்கில எழுத்தாகக் கொட்டிக் கிடக்கிறதா? 2007-இல் உங்கள் தம்பி யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்திருப்பார். அந்த எழுத்துரு புதுக் கணினியில் இல்லை. தேடிக்கொண்டிருக்காமல் புதிதாக அடித்துவிடுங்கள், பத்து நிமிஷ வேலை.

இன்றைக்கே டிஸ்க்கை நகல் எடுத்துவிட்டு, வீடியோவில் கண்ணாடி வரும் இடங்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கேமரா தெரிந்தால் அந்த ஒரு ஃப்ரேமைப் படமாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் ஃபோட்டோவாக வேண்டாம், டாக்குமென்டாக. இல்லையென்றால் அவர்களும் சுருக்கிவிடுவார்கள்.