ழான் கோகன்: கேள்வி பதில்

டேனிஷ் சிற்பியும் பீங்கான் கலைஞருமான ழான் ரெனே கோகன் (1881–1961) பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: இவர் ஓவியர் பால் கோகனுக்கு உறவா?

மகன். பாரிஸில் பிறந்தவர். அம்மா மெட் காட் டென்மார்க்காரர். குடும்பம் கோபன்ஹேகனில் குடியேறிய கொஞ்ச நாளில், 1885இல், அப்பா பாரிஸுக்குத் திரும்பிவிட்டார். ழான் அம்மாவிடம்தான் வளர்ந்தார். முதலில் கற்றது தச்சு வேலை. 1909இல் டேனிஷ் குடியுரிமை பெற்றார்.

கேள்வி: வெண்கலத்தைவிடப் பீங்கானில் சிலை செய்வது எளிதுதானே?

இல்லவே இல்லை. பீங்கான் சூளையில் கிட்டத்தட்ட 1400 டிகிரியில் வேகிறது. அப்போது சுருங்கி அளவில் ஆறில் ஒரு பங்கு குறையும், இளகவும் செய்யும். நீட்டிய கை தொங்கிவிடும். ஓரிடம் தடிப்பாகவும் அடுத்த இடம் மெல்லியதாகவும் இருந்தால் விரிசல் விழும். அதனால் அதே மண்ணில் முட்டுக்கொடுத்துச் சுடுவார்கள். முட்டும் சிலையோடு சேர்ந்தே சுருங்கும். நிறத்திலும் கட்டுப்பாடு உண்டு. மெருகுக்கு, அதாவது மேலே பூசும் கண்ணாடிபோன்ற பூச்சுக்கு, அடியில் தீட்டினால் அந்தச் சூட்டைத் தாங்கும் நிறங்கள் மிகச் சில, அதில் முதன்மையானது கோபால்ட் நீலம். கோபன்ஹேகன் பொம்மைகளில் அந்த மென்மையான நீலச் சாம்பல் நிறம் வந்தது இப்படித்தான்.

கோகனுக்குப் பிடித்ததோ முறுக்கேறிய உடல்கள், மல்லுக்கட்டும் விலங்குகள். மென்மையான பீங்கான் அதற்குப் போதவில்லை. கோபன்ஹேகனின் பிங் அண்ட் கிரண்டால் பீங்கான் தொழிற்சாலையில் ‘ரோஷ் செராமிக்’ என்ற கரடுமுரடான, பாறைபோல் இறுகிய மண் கலவையில் வேலை செய்தார். 1925 பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சிக்கு அவர் படைப்புகள் போயின. என் பார்வையில் அவருடைய உச்சம் அதுதான்.

கேள்வி: ஒலிம்பிக் பதக்கம் வாங்கினாராமே?

ஆமாம். 1924 பாரிஸ், சிற்பப் பிரிவு, ‘குத்துச்சண்டை வீரர்’ சிலைக்கு வெண்கலம். 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்கில் கலைப் போட்டிகளும் இருந்தன.

கேள்வி: கோபன்ஹேகன் கடற்கன்னி சிலை இவருடையதா?

இல்லை. அது எட்வர்ட் எரிக்சன், 1913.

கேள்வி: என்னிடம் உள்ள பொம்மையின் அடியில் மூன்று கோபுர முத்திரை இருக்கிறது. கோகனுடையதுதானே?

முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். அது பிங் அண்ட் கிரண்டால் முத்திரை; சாப்பாட்டுத் தட்டிலும் இருக்கும்.

கேள்வி: அப்பாவும் சுட்ட மண்ணில் செய்தவர்தான். மகன் அந்த வழியில்தானே போனார்?

இதை ஏற்க மாட்டேன். பால் கோகன் பாரிஸில் மட்பாண்டக் கலைஞர் ஷாப்லேயுடன் மண் வேலையைத் தொடங்கியது 1886இல். மகன் அப்போது கோபன்ஹேகனில் ஐந்து வயதுச் சிறுவன். அப்பா கையால் வனைந்தவை பெரும்பாலும் பாண்டங்கள். மகனுக்கு வேலை கைவந்தது தொழிற்சாலையில், அச்சு எடுப்பவர்களோடும் சூளைக்காரர்களோடும்.

கேள்வி: பெயராவது உதவியிருக்குமே?

கதவைத் திறந்திருக்கலாம். சிலை விரிசல் விழாமல் சூளையைவிட்டு வெளியே வர அந்தப் பெயர் உதவாது. அவர் வேலையை வேலையாகவே பாருங்கள்.

கேள்வி: பால் கோகனின் மகனா இவர்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: முத்திரை இருக்கிறது, என்ன விலைக்கு விற்கலாம்?

ஏல நிறுவனத்தில் கேளுங்கள். திரும்பவும் சொல்கிறேன், முத்திரை தொழிற்சாலையை மட்டும்தான் காட்டும். கலைஞரின் அடையாளத்தையும் மாதிரி எண்ணையும் தேடுங்கள், ஒட்டுப்போட்ட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.