தேர்தல் முடிந்த பிறகு எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலரை வேலூர் வாக்காளர் எப்படிக் கேள்வி கேட்பது?

கேள்வி: "வேலூர் மாநகராட்சிக்குள் இருக்கிறோம். ஓட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் தெருப்பக்கம் வருவதே இல்லை. அடுத்த தேர்தல் வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா?"

வேண்டியதில்லை. ஆனால் எது முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.எல்.ஏ.வையோ எம்.பி.யையோ பாதியில் திரும்ப அழைக்கும் உரிமை நம் வாக்காளருக்கு இல்லை. நம் மாநிலத்தில் கவுன்சிலரையும் வார்டு மக்கள் கூடி நீக்கிவிட முடியாது. நம்மிடம் இருப்பது வேறு ஒரு பிடி: அவர் எந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டாரா, எந்தத் தேதியில் போட்டார் என்று தெரிந்துகொண்டு போய்க் கேட்பது. "எங்களுக்கு ஒண்ணுமே செய்யலை" என்று சொன்னால் எந்த அரசியல்வாதியும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். "மூணு வருஷமா உங்க நிதியில எங்க வார்டுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம்கூட இல்லை, இதோ பட்டியல்" என்று நீட்டினால் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

அதற்கு முன்னால் உங்களுக்கு யார் பொறுப்பு என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேலூரில் இதில்தான் பலருடைய மனு வீணாகிறது. காந்தி நகர், தாராபடவேடு, கழிஞ்சூர் பக்கம் இருப்பவர்கள் வேலூர் மாநகராட்சிக்குத்தான் வரி கட்டுகிறார்கள். ஆனால் அவர்களுடைய சட்டமன்றத் தொகுதி காட்பாடி. காட்பாடி வருவதோ அரக்கோணம் மக்களவைத் தொகுதியில். வேலூர் எம்.பி.யிடம் மனு கொடுத்தால் அவர் வாங்கிக்கொள்வார், அதோடு சரி. வேலூர் மக்களவைத் தொகுதியில் இருப்பவை வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஆறு. இவற்றில் வாணியம்பாடியும் ஆம்பூரும் 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. அவற்றின் எம்.எல்.ஏ. நிதிக் கோப்புகளைத் திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். பிரிவினைக்கு முந்தைய கோப்பு என்றால் வேலூரிலேயே இருக்கலாம்.

சாலைக்கும் இதே கதைதான். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு. ஊருக்குள் இருக்கும் பெரிய சாலைகள் பலவும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. உங்கள் தெரு மாநகராட்சியுடையது. பள்ளம் யாருடையது என்று தெரியாமல் கவுன்சிலரைத் திட்டினால், "அது நம்ம ரோடு இல்லீங்க" என்ற ஒரே பதிலில் உங்களை அனுப்பிவிடுவார்.

இனி நிதிக்கு வருவோம். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பிரித்துப் பார்த்தால் எம்.பி. நிதி பெரிய தொகையே அல்ல. இந்தப் பணம் அவர்கள் கைக்கு வருவதுமில்லை. அவர்கள் செய்வது பரிந்துரை மட்டுமே. கடிதம் ஆட்சியருக்குப் போகும். பொறியாளர் மதிப்பீடு போடுவார். ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார். பிறகு டெண்டர், பணி ஆணை, வேலை, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவு, பில். எல்லாவற்றுக்கும் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் கோப்பு இருக்கும். எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கேட்டால் "லெட்டர் கொடுத்தாச்சு, கலெக்டர் ஆபீஸ்ல நிக்குது" என்பார்கள். அங்கே கேட்டால் "எம்.எல்.ஏ. லெட்டரே வரலை" என்பார்கள். யார் சொல்வது பொய் என்பதை ஒரு கடித எண்ணும் தேதியும் காட்டிக்கொடுத்துவிடும். அதை வாங்கும் வழிதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டுங்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் வேறு, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வேறு. மாற்றி ஒட்டிய மனு திரும்பி வரும். வறுமைக் கோட்டுப் பட்டியலில் இருப்பவருக்குக் கட்டணம் கிடையாது. "பொதுத் தகவல் அலுவலர், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை, ஆட்சியர் அலுவலகம், சத்துவாச்சாரி, வேலூர்" என்று முகவரியிட்டு விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை மனு நகலோடு பின் செய்து வையுங்கள். கேட்க வேண்டியவை இவை: இன்ன நிதியாண்டு முதல் இன்ன நிதியாண்டு வரை இன்ன தொகுதி சட்டமன்ற உறுப்பினர் பரிந்துரைத்த பணிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் பரிந்துரைக் கடித எண், தேதி, மதிப்பீட்டுத் தொகை, நிர்வாக அனுமதி எண், தேதி, ஒப்பந்ததாரர் பெயர், பணி முடிந்த நாள், இதுவரை வழங்கிய தொகை. அனுமதி மறுக்கப்பட்ட பணிகளின் பட்டியலையும், மறுத்து எழுதிய கடிதத்தின் நகலையும் தனியாகக் கேளுங்கள். இந்தக் கடைசி வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதில்தான் விஷயமே இருக்கும்.

"ஏன் எங்கள் தெருவுக்கு விளக்குப் போடவில்லை?" என்று மட்டும் எழுதாதீர்கள். ஏன், எதற்கு, எப்போது செய்வீர்கள் என்ற கேள்விகள் அந்தச் சட்டத்தின்படி "தகவல்" ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், அதில் அவர்கள் பக்கம் சட்டமும் இருக்கிறது. கோப்பில் காகிதமாக இருப்பதை மட்டும் கேளுங்கள். பத்து ஆண்டுக் கணக்கை மொத்தமாகக் கேட்டாலும் சிக்கல்: பக்கத்துக்கு 2 ரூபாய் என்று பெரிய தொகை கட்டச் சொல்வார்கள். அப்படி வந்தால் கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. வேண்டிய பக்கங்களை மட்டும் குறித்து நகல் வாங்கலாம்.

30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அதிலும் தீரவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே காலதாமதம் ஆகும் என்பது உண்மை. ஆனால் பலருடைய முயற்சி அங்கே தாமதமாவதற்கு முன்பே நின்றுவிடுகிறது: முதல் மேல்முறையீட்டுக்கான நாளை விட்டுவிடுகிறார்கள். மனு அனுப்பிய அன்றே காலண்டரில் 30ஆம் நாளைக் குறித்துவிடுங்கள்.

பட்டியல் கைக்கு வந்ததும் நான்கு பேர் சேர்ந்து இடத்தைப் போய்ப் பாருங்கள். நிழற்குடை இருக்கிறதா, ஹைமாஸ் விளக்கு எரிகிறதா, சிமென்ட் சாலையின் கனம் மதிப்பீட்டில் உள்ளபடி இருக்கிறதா? சாலையின் ஓரத்தில் டேப் வைத்தாலே ஓரளவு தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் அளவுப் புத்தகப் பக்கத்தின் நகலை வாங்குங்கள். பணிகளில் பயன்படுத்திய பொருளின் மாதிரியைக் கேட்டுப் பெறவும் அதே சட்டத்தில் இடம் உண்டு.

உங்கள் தெருவுக்கு ஒரு வேலை வேண்டும் என்றால் மனுவில் ஒரே ஒரு கோரிக்கை இருக்கட்டும். இடத்தின் சர்வே எண், அது புறம்போக்கா, மாநகராட்சி நிலமா, நீளம், அகலம், எத்தனை வீடுகளுக்குப் பயன் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். தனியார் நிலத்திலும் வழிபாட்டுத் தலத்திலும் இந்த நிதியைச் செலவிட முடியாது. நிலம் யார் பெயரில் என்று பார்க்காமல் கொடுத்த மனு ஆறு மாதம் சுற்றிவிட்டு அந்த இடத்தில்தான் அடிபடும்.

ஆனால் ஒரு எம்.எல்.ஏ.வை நிழற்குடையை வைத்து மட்டும் எடைபோடுவது அவருக்கு நாம் கொடுக்கும் சலுகை. அவரை அனுப்பியது சட்டமன்றத்துக்கு. பாலாற்றில் கலக்கும் தோல் தொழிற்சாலைக் கழிவு நீரை 3 கோடியால் சுத்தம் செய்ய முடியாது. பேரவையில் துறை அமைச்சரைக் கேள்வி கேட்டு நெருக்க முடியும். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்ற அமைப்பு இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்கியது. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்கு நாடு முழுவதும் இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள். அப்படியிருந்தும் 2025 ஜனவரியில் இதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டி வந்தது. இடைப்பட்ட காலத்தில் நாம் அனுப்பியவர்கள் அவையில் எத்தனை முறை இதைக் கேட்டார்கள்? எம்.பி. என்றால் மக்களவை இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டாலே கேள்வி, விவாதம் எல்லாம் வந்துவிடும். எம்.எல்.ஏ. என்றால் பேரவைச் செயலகத்துக்குத் தகவல் மனு போடுங்கள். உங்கள் எம்.எல்.ஏ. அமைச்சராக இருந்தால் அவர் பெயரில் கேள்வி இருக்காது, அவர் பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர். அவரிடம் அவர் துறையைப் பற்றிக் கேளுங்கள்.

அவையில் கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே எழுதி அவரிடம் கொடுக்கலாம். மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னதாக எம்.பி. அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆகவே கூட்டத்தொடர் தேதி அறிவித்தவுடனே இரண்டு வரியில், துறை பெயரோடு கொடுத்துவிடுங்கள். சட்டப்பேரவையில் மனுக்கள் குழு ஒன்று இருக்கிறது. பொதுப் பிரச்சினைக்கு, ஒரு மனுவில் ஒரு பொருள் என்று நேரடியாக எழுதலாம். வேலை, உதவித்தொகை, கோர்ட்டில் இருக்கும் விவகாரம் போன்றவற்றை அது எடுக்காது.

இன்னும் இரண்டு காகிதங்கள் முக்கியம். 2022 ஆகஸ்டில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தன் தொகுதியில் நீண்டகாலமாகத் தீராத பத்துக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் கொடுக்கும்படி முதலமைச்சர் எழுதினார். உங்கள் தொகுதிக்கு அன்று கொடுத்த பட்டியலில் என்ன இருந்தது, எவை நிறைவேறின என்று கேட்டு வாங்குங்கள். அன்று இருந்தவர் இன்று பதவியில் இல்லாவிட்டாலும் அந்தப் பத்தும் தொகுதியின் தேவைகள்தான். அடுத்தது, மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்க எம்.பி. தலைமையில் கூடும் 'திஷா' குழு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் யார் வந்தார், யார் என்ன கேட்டார் என்று இருக்கும்.

கவுன்சிலருக்கு மாமன்றத் தீர்மானங்களும் வருகைப் பதிவும் போதும். வார்டு குழு, வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபா என்று 2022இலிருந்து மாநகராட்சிகளில் நடக்கிறது; உங்கள் பகுதி சபா எப்போது கூடியது என்று மண்டல அலுவலகத்தில் கேளுங்கள்.

உறவினர்கள் அணைக்கட்டு, கணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் கிராமத்தில் இருந்தால் அவர்கள் கையில் உங்களைவிட வலுவான கருவி இருக்கிறது: கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர் வர வேண்டும். ஆள் குறைந்தால் பிறகு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக் கணக்கை நேர்செய்யும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் முறைகேடு செய்தால் 1994 ஊராட்சிகள் சட்டம் 205ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு உண்டு.

ஊழல் என்றே உறுதியாகத் தெரிந்தால் எம்.எல்.ஏ., அமைச்சர் மேல் லோக் ஆயுக்தா, உள்ளாட்சிப் பிரதிநிதி மேல் உள்ளாட்சி முறைமன்ற நடுவம். ஆவணம் இல்லாமல் போக வேண்டாம். பொய்ப் புகாருக்கு லோக் ஆயுக்தா சட்டத்தில் சிறைத் தண்டனை இருக்கிறது.

தேர்தல் நேரத்துக்கும் கொஞ்சம் வேலை மிச்சம் வையுங்கள். வேட்பாளரின் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். மறுபடி நிற்பவர் என்றால் சென்ற முறை கொடுத்ததையும் இந்த முறை கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சொத்து, கடன், வழக்கு மூன்றையும் பாருங்கள். தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை.

பணப்பட்டுவாடாவை வேலூருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலே இங்கே ரத்தாகி ஆகஸ்ட் 5இல்தான் நடந்தது. ஓட்டுக்குக் காசு வாங்கிய தெருவில் மறுநாள் சாக்கடையைப் பற்றிக் கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை, இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். காசு கொடுப்பதைப் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் புகார் செய்யுங்கள். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் விதி. படமோ வீடியோவோ அந்தச் செயலிக்குள்ளேயே எடுத்து ஐந்து நிமிடத்துக்குள் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை அதில் ஏற்ற முடியாது, தேர்தல் அறிவிக்காத நாளில் அது வேலை செய்யாது.